வியாழன் விளிம்பில் ஒரு நொடி

"என் படத்துல என்னங்க கொறை அம்மணி?" என்று கேட்டார் மகுடபதி.

கேள்வி சாதுவாகத்தான் வந்தது. கேட்டவர் சாதுவாக இல்லை. வெள்ளக்கோவிலிலிருந்து காங்கேயம் வரை பைக்கில் வரும்போதே மனசுக்குள் சண்டையை முக்கால்வாசி போட்டு முடித்திருந்தார்.

தமயந்தி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

வியாழன் கோளின் படம். செம்மண் நிறத்திலும் வெள்ளையிலும் பட்டைகள், நடுவே சிவப்புச் சுழி, பக்கத்தில் பொட்டு வைத்தது போல ஒரு நிலா. வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே தொலைநோக்கியை நிறுத்தி எடுத்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"கொறையே இல்லீங்ணா," என்றாள்.

"அப்ப நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலாமில்லீங்க."

அவள் சொல்லவில்லை.

அவளுக்கு முப்பத்தாறு வயது. காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். அவருக்கு ஐம்பத்து நாலு. இரண்டு வருஷத்துக்கு முன்பு பேப்பர் படிக்கக் கண்ணாடி வாங்கப் போன மனுஷர், கடைச் சுவரில் மாட்டியிருந்த சனிக்கோளின் படத்தைப் பார்த்து, இது யார் எடுத்தது என்று கேட்டார். நான்தான், எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து, என்றாள். அன்றைக்கு விழுந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. தொலைநோக்கி வாங்கினார், கேமரா வாங்கினார், அவளையே குருவாகவும் வைத்துக்கொண்டார்.

இப்போது அவர் படங்கள் அவள் படங்களைத் தாண்டிவிட்டன. ஊர் உலகமெல்லாம் அதைச் சொல்லிவிட்டது. அவள் மட்டும்தான் பாக்கி. அதுதான் அவருக்கு உறுத்தல்.

"மிச்சம் எங்கீங்ணா?" என்று கேட்டாள் தமயந்தி.

"எந்த மிச்சங்க?"

"இந்தப் படத்துக்கு எடுத்ததுல மிச்சம்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோள்களை யாரும் ஒரே சொடுக்கில் படம் எடுப்பதில்லை. நமக்கும் அவற்றுக்கும் நடுவே காற்று இருக்கிறது, அது சும்மா இருப்பதும் இல்லை. எரிகிற அடுப்புக்கு அந்தப் பக்கம் தெரிகிற சுவர் மாதிரி கோள் நெளிந்துகொண்டே இருக்கும். அதனால் ஓடும் பதிவாக எடுப்பார்கள். சில நிமிஷங்களில் பல்லாயிரம் படங்கள் சேரும். காற்று கொஞ்சம் அசந்த நேரத்தில் விழுந்த தெளிவான படங்களைக் கணினி பொறுக்கும். பொறுக்கியதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும்.

பத்தில் ஒன்று தேறினால் அதிகம். மற்றதெல்லாம் கழிவு.

கழிவு என்ற சொல் மகுடபதிக்குச் சோறு போட்ட சொல். நூற்பாலையில் தரம் பார்க்கும் மேலாளர் அவர். நூலை விரலில் சுற்றிப் பார்த்தே தூர எறிந்துவிடுவார். அவர் எறிந்ததை யாரும் திரும்ப எடுத்துப் பார்த்தது கிடையாது.

"அழிச்சுப்போட்டனுங்க," என்றார். "அத வெச்சுட்டு என்னங்க பண்றது?"

"இனிமே அழிக்காதீங்க."

"எத்தன நாளைக்குங்க?"

"நான் கேக்கற வரைக்கும்."

படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வழி நெடுக அவருக்கு எரிச்சல். ஆனாலும் குரு சொல் மீறுகிற ஆள் இல்லை. பதிவுகளைச் சேர்த்து வைக்கப் பெரிய வட்டு ஒன்று வாங்கிக் கணினியில் மாட்டினார். அதற்குள் ஒரு கோப்புறை திறந்து, குப்பை என்று பெயர் வைத்தார்.

அன்று முதல் கழிவெல்லாம் அங்கே போய் விழுந்தது. அவர் ஒரு நாளும் அதைத் திறக்கவில்லை.

*

ஐப்பசி மழை. தமிழ்நாடு முழுக்க மேகம். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் வெள்ளக்கோவிலுக்கு மேலே வானம் கழுவி விட்டது போலத் திறந்தது. மகுடபதி விடவில்லை. இருட்டியதும் பதிவை ஓடவிட்டார். மறுநாள் அடுக்கிப் பார்த்தால், ஆயுசிலேயே அவர் எடுத்த சிறந்த படம்.

அதைத் தன் சங்கத்துக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்தார். கோள்பட அன்பர் சங்கம் என்று பெயர். இருநூறு பேர், எல்லாம் வாட்ஸப்பில்தான். அங்கே ஏற்கெனவே ஒரு கூச்சல்.

உவரியில் மருந்துக்கடை வைத்திருக்கும் சூசைராயன் என்பவர் ஒரு பதிவைப் போட்டிருந்தார். மொட்டைமாடியில் சின்னத் தொலைநோக்கி வைத்து எடுத்தது. கடற்காற்றில் வியாழன் உருகின வெல்லம் போல வழிந்துகொண்டிருந்தது. திடீரென்று விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரு நொடி எரிந்தது, அணைந்தது.

கீழே எழுதியிருந்தார். வியாழன் மேல் ஏதோ விழுந்திருக்கிறது. செவ்வாய் மாலை, ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால். அந்த நேரத்தில் வேறு யாராவது எடுத்தீர்களா?

மகுடபதி எடுத்திருந்தார்.

தன் படத்தைப் பெரிதாக்கி, விளிம்பைச் சுற்றி வந்து பார்த்தார். புள்ளியும் இல்லை, ஒன்றும் இல்லை. வழுவழு என்று இருந்தது. அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. அதை மறைப்பானேன், சந்தோஷமாகவே இருந்தது.

படத்தைப் போட்டார். கூடவே எழுதினார்: "அதே நேரம் நானும் எடுத்தேன். என் படத்தில் எதுவும் இல்லை. ஒரே இடத்துப் பதிவு செல்லாது. கேமராக் கோளாறாக இருக்கும்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்றுதான் அவர் நினைத்தார்.

கட்டைவிரல்கள் மழையாகக் கொட்டின. என்ன தெளிவு சார், என்ன தெளிவு என்றார்கள். ஒருவர், மருந்துக்கடைக்காரர் அன்றைக்கு என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டு எழுதினார். அதற்கு எழுபது பேர் சிரித்தார்கள். மகுடபதியும் ஒரு சிரிப்பு போட்டார்.

நான் என் கண்ணால் பார்த்தேன், என்று சூசைராயன் ஒரு தடவை எழுதினார். பிறகு எழுதவில்லை.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் ஒருவேளை மறந்து போயிருக்கும். சூசைராயன் அவசரப்பட்டு வெளிநாட்டில் கோள்களைக் கவனிக்கும் ஒரு கழகத்துக்கும் செய்தி அனுப்பியிருந்தார். அவர்கள் சங்கத்தைக் கேட்டார்கள். வேறு ஊரிலிருந்து இன்னொரு பதிவு உண்டா? இரண்டு இருந்தால் ஏற்போம், ஒன்றானால் முடியாது. வேறெங்கும் யாரிடமும் இல்லை.

செயலாளர் பதறிப் போனார். சங்கத்தின் மானம் போகிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் குழு போனில் கூடும் என்று அறிவித்தார். சூசைராயன் சொன்னது பொய் என்று கழகத்துக்கு எழுதுவது, அவர் பெயரைச் சங்கத்திலிருந்து எடுப்பது, இரண்டும் அன்றைக்கே முடிய வேண்டும். எழுதுவதில் இரண்டு பேர் பெயர் போட வேண்டும். அந்த நேரத்தில் படம் எடுத்தவர் ஒருவர். சங்கத்தில் எல்லாரும் மதிக்கிற தமயந்தி இன்னொருவர்.

அம்மணியிடம் நான் வாங்கித் தருகிறேன், என்று மகுடபதி தானாகவே முன்வந்தார்.

*

சனிக்கிழமை. கண்ணாடிக் கடை.

தமயந்தி அவருடைய போனை வாங்கி எல்லாவற்றையும் மேலிருந்து கீழே படித்தாள். செவ்வாய் மாலை கடையில் இருந்ததால் அவள் வானத்தையே பார்க்கவில்லை. உவரிக்காரரின் பதிவை மூன்று தரம் ஓடவிட்டாள். மகுடபதியின் படத்தையும் பார்த்தாள்.

"பதிவு ஓடறப்ப எங்கிருந்தீங்ணா?"

"வீட்டுக்குள்ள இருந்தனுங்க. கொல்லையில கொசு புடுங்குதுங்க அம்மணி. அதான் கணினி பாத்துக்குமில்லீங்க."

"மிச்சத்தப் பாத்தீங்களா?"

"படத்துலயே இல்லாதது குப்பையில எப்படீங்க இருக்கும்?"

அவள் கண் பரிசோதிக்கும் நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை. பெரிய எழுத்து, அதற்குக் கீழே சின்ன எழுத்து, அதற்கும் கீழே எறும்பு எழுத்து.

"நல்லாத் தெரியுதுங்களா?"

"கடேசி வரி வரைக்கும் தெரியுதுங்க."

"கண்ண மூடுங்க."

மூடினார். மின்விசிறிச் சத்தம் கேட்டது. தெருவில் ஒரு லாரி போனது.

"தெறங்க."

திறந்தார்.

"நீங்க கண்ண மூடியிருந்தப்ப நான் என்ன பண்ணுனேன்?"

மகுடபதி சுற்றிப் பார்த்தார். அட்டை இருந்த இடத்தில் இருந்தது. தட்டில் கண்ணாடிகள் வரிசை கலையாமல் இருந்தன. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஒண்ணும் பண்ணலீங்க."

"பாத்தீங்களா?"

"எல்லாம் வெச்சது வெச்சபடி இருக்குதுங்களே."

"அதக் கேக்கலீங்ணா. பாத்தீங்களா?"

மகுடபதிக்குச் சுருக்கென்று வந்தது. கண்ணை மூடச் சொன்னவளே பார்த்தாயா என்று கேட்டால் யாருக்குத்தான் வராது?

"சரி, என்ன பண்ணுனீங்க, அதச் சொல்லீருங்க."

"ஒரு நொடி வேலை. முடிஞ்சு போச்சு."

போனை அவர் கையில் வைத்தாள். பெயர் போடுவது பற்றிப் பேச்சே இல்லை. மகுடபதி எழுந்து நின்று, நாளைக்கு ஏழு மணிக்குள் பதில் வேண்டும், செயலாளர் என்னைத்தான் கேட்பார், உங்களை நம்பி வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று குரலை உயர்த்தினார். கண்ணாடி வாங்க வந்திருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏழு மணிக்கு முன்னால நானே உங்க வீட்டுக்கு வர்றேன்," என்றாள் தமயந்தி. "அதுக்குள்ள நீங்க பாத்து வெய்யுங்க."

"எதைங்க?"

அந்த அம்மாளின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "கேக்கற வரைக்கும்னு சொன்னனில்லீங்ணா. இப்ப கேக்கறேன்."

*

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க மகுடபதி கணினிப் பக்கமே போகவில்லை. பைக்கைக் கழுவினார். முருங்கையில் கம்பளிப்பூச்சி பார்த்தார். மனைவி என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று எரிந்து விழுந்தார்.

நியாயம் தன் பக்கம் இருக்கும்போது எதற்காகக் குப்பையைக் கிளற வேண்டும்? இதையே காலையிலிருந்து நூறு தடவை கேட்டுக்கொண்டார். நியாயம் இருக்கிறவன் ஒரு தடவைக்கு மேல் கேட்டுக்கொள்ள மாட்டான் என்பது அவருக்கும் தெரியும்.

சாப்பிட்டதும் கணினியைக் கொல்லைக்கு எடுத்துப் போய் உட்கார்ந்தார். கோப்புறையைத் திறந்தார்.

செவ்வாய் மாலைப் பதிவுகள் நிறைய இருந்தன. ஏழு மணிக்கு முன்னால் தொடங்கியதை ஓடவிட்டார். வேகமாக ஓடவிட்டால் தவறிவிடும். மெதுவாக ஓடவிட்டால் சாயங்காலம் வந்துவிடும். மெதுவாகவே விட்டார்.

அவருடைய வியாழனா இது? அலம்பின துணி போல ஆடியது. பட்டைகள் கலங்கின, தெளிந்தன, மறுபடி கலங்கின. இரண்டு வருஷமாகக் கோள்களைப் படம் எடுக்கிறார். காற்றில் தத்தளிக்கிற இந்த வியாழனை அவர் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. கணினி பொறுக்கி அடுக்கிக் கொடுத்த வியாழனைத்தான் பார்த்திருக்கிறார்.

ஒரு மணி நேரம் போயிற்று. கண் எரிந்தது.

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. கணினிக்கு அவர் கொடுத்த வேலை, தெளிவானதைப் பொறுக்குவது. புதிதாக எதையாவது கண்டால் சொல் என்று அதனிடம் அவர் சொல்லவே இல்லை. காற்று கலங்கிய நேரத்தில் வியாழனே வெடித்தாலும் அது அந்தப் படங்களைத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றிரண்டு தப்பி உள்ளே வந்தாலும் நூற்றுக்கணக்கான படங்களை அடுக்குகிற அடுக்கில் கரைந்து போகும்.

இது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவரே பாடம் எடுத்திருக்கிறார்.

இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பார்த்தார். எதிரி வீட்டுக் கதவு திறக்கிறதா என்று பார்க்கிறவனைப் போல விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி காப்பி வைத்துவிட்டுப் போனாள். அது ஆறியது.

காற்று ரொம்பவும் கலங்கியிருந்த ஒரு இடம். வியாழன் நாலா பக்கமும் பிய்ந்து ஆடியது.

விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி.

எரிந்தது. அணைந்தது.

மகுடபதி பதிவை நிறுத்தினார். பின்னால் தள்ளினார். மறுபடி ஓடவிட்டார்.

எரிந்தது. அணைந்தது.

அதே விளிம்பு. நேரத்தைப் பார்த்தார். ஏழுக்குக் கொஞ்சம் முன்னால்.

அந்த நேரத்தில் அவர் வீட்டுக்குள் இருந்தார். கொசுக்கடிக்குப் பயந்து.

இருநூறு பேருக்கு முன்னால் ஒரு மனுஷரைப் பைத்தியக்காரராக்கியாயிற்று. மருந்து சாப்பிட்டார் என்ற பேச்சுக்குச் சிரித்தும் ஆயிற்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் போன் வரும். தமயந்தி அம்மணி பெயர் போட மறுத்துவிட்டாள் என்றால், போகட்டும், உங்கள் படம் ஒன்றே போதும் என்று செயலாளர் சொல்லுவார். அவ்வளவு தெளிவான படம் அது.

இந்தப் பதிவில் புள்ளி இருப்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது. குப்பை. முன்பெல்லாம் அன்றன்றைக்கே அழித்த குப்பை. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

விரல் அந்தப் பொத்தானுக்குப் போனது. யாரோ தள்ளிக்கொண்டு போனது போல இருந்தது என்று அவர் பிறகு சொல்லிக்கொள்ளலாம். யாரும் தள்ளவில்லை. அவர் விரல், அவரேதான் கொண்டு போனார்.

அங்கேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மனைவி, வாங்க அம்மணி, கொல்லையில இருக்கார், என்று சொல்வது கேட்டது. காலடி சமையலறையைத் தாண்டி வந்தது. அழுத்துவதற்கு நேரம் தாராளமாக இருந்தது.

தமயந்தி கொல்லை வாசலில் வந்து நின்றபோது மகுடபதி கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

*

அவள் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள்.

"இருக்குதுங்க," என்றார் மகுடபதி.

அவள் திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. தமயந்தி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

மகுடபதி மளமளவென்று பேசத் தொடங்கினார். ஒன்றும் கெட்டுப் போகவில்லை, இரண்டு இடம் வேண்டும் என்றுதானே கழகம் கேட்டது, உவரி ஒன்று, வெள்ளக்கோவில் ஒன்று, ஏழு மணிக்குள் செயலாளருக்கு அனுப்பினால் எல்லாம் நேராகிவிடும், குழுவில் நானே மன்னிப்புக் கேட்கிறேன், சூசைராயன் பெயர்தான் முதலில் வர வேண்டும், என் பெயர் கீழே இருந்தால் போதும் என்றார். கடைசியில் சொன்னது அவருக்கே பிடித்திருந்தது. இன்னொரு தடவையும் சொன்னார்.

"மொதல்ல அவருக்குச் சொல்லுங்க," என்றாள் தமயந்தி.

"செயலாளருக்கு அனுப்பிப்போட்டு..."

"அவருக்குங்ணா."

போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கல்லின் மேல் வைத்தார். மணி ரொம்ப நேரம் அடித்தது.

"ஹலோ."

மகுடபதி தன் பெயரைச் சொன்னார். வெள்ளக்கோவில் மகுடபதி, என்று இன்னொரு தடவை சொன்னார்.

"தெரியுது சார். சொல்லுங்க."

"உங்க புள்ளி எங்கிட்டயும் இருக்குதுங்க."

மகுடபதி மன்னிப்புக் கேட்கத் தயாராக வைத்திருந்ததை எடுப்பதற்குள் சூசைராயன் பேசினார்.

"எந்த இடத்துல சார் தெரியுது? வடக்குப் பட்டைக்குக் கொஞ்சம் மேலயா?"

"ஆமாங்க. அங்கயேதான்."

"ஒரு தடவ மங்கி மறுபடி எரியுதா?"

மகுடபதி ஓடவிட்டுப் பார்த்தார். எரிந்தது, இமைக்கிற நேரம் மங்கியது, மறுபடி எரிந்தது, அணைந்தது. இதை அவர் கவனித்திருக்கவில்லை.

"ஆமாங்க."

"அப்ப என் கண்ணு பொய் சொல்லல," என்றார் சூசைராயன். வேறு யாரிடமோ சொல்வது போல இருந்தது. "நாலு நாளா எனக்கே சந்தேகம் சார். கடையில மருந்துச் சீட்ட ரெண்டு வாட்டி பாத்துப் பாத்துக் குடுக்கேன்."

மகுடபதியால் தமயந்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகை வரும் போலவும் இருந்தது.

"என் தப்புங்க," என்றார். "பாக்காமயே சொல்லிப்போட்டேன். எல்லார் முன்னாலயும் கேக்கறேன், மன்னிச்சுக்கோணும். இப்ப நீங்க ஒண்ணு பண்ணுங்க. உங்க மூலப் பதிவ அனுப்புங்க. வாட்ஸப்புல போட்டது நசுங்கித் தெளிவு போயிருச்சு, கழகத்துல அத எடுத்துக்க மாட்டாங்க. மூலத்த அனுப்புனா, என்னோடதையும் சேத்து..."

"அழிச்சிட்டேன் சார்."

மகுடபதிக்குக் காதில் விழுந்தது. புரியத்தான் கொஞ்சம் நேரமாயிற்று.

"எதைங்க?"

"மூலத்தத்தான். புதங்கிழம ராத்திரியே அழிச்சிட்டேன். கழகத்துக்கும் நேத்து எழுதிட்டேன், தப்பா அனுப்பிட்டேன், விட்டுருங்கன்னு."

"ஏனுங்க, ஏனுங்க அப்படிப் பண்ணுனீங்க?"

"உங்க படம் அவ்வளவு தெளிவா இருந்துச்சு சார்."

முருங்கை மரத்துக்கு மேலே, மேகத்தின் கிழிசலில், வியாழன் வந்திருந்தது. கொல்லையில் இருந்த இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. உள்ளே மகுடபதியின் இன்னொரு போன் அடித்து ஓய்ந்தது. செயலாளராகத்தான் இருக்கும்.

மகுடபதி திரையில் நின்றுகொண்டிருந்த வெள்ளைப் புள்ளியையே பார்த்தார். கலங்கிப் போன ஒரு வியாழன், ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். உலகத்தில் இப்போது மூலம் என்று இது ஒன்றுதான் இருக்கிறது. இதை அனுப்பினால் சங்கம் என்ன சொல்லும் என்பதை அவர் யோசிக்கவே வேண்டியதில்லை. ஒரே இடத்துப் பதிவு செல்லாது. கேமராக் கோளாறாக இருக்கும். இரண்டு வாக்கியமும் அவர் எழுதிக் கொடுத்ததுதான்.

"இனி இத யாருங்க அம்மணி நம்புவாங்க?" என்று கேட்டார்.

தமயந்தி கல்லின் மேல் கிடந்த போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அழைப்பு இன்னும் அறுந்திருக்கவில்லை.

"நான் நம்புதேன் சார்," என்றார் சூசைராயன்.